கால் பவுன் எடையும் கடைசிப் பாட்டும்

எங்கள் வீட்டு ரெக்கார்ட் பிளேயரில் இசைத்தட்டைப் போட்டால் முதல் பாட்டு நன்றாக இருக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் பழுதில்லை. முள் நடு லேபிளை நெருங்க நெருங்கப் பாடுகிறவருக்கு முன்பல் நாலு விழுந்துவிட்டது போல ஆகிவிடும். 'சின்ன' என்பது 'ஷ்ஷின்ன' என்று வரும். 'சிரிப்பு' வந்தால் ஸ்பீக்கருக்குள் யாரோ அப்பளம் நொறுக்குவார்கள். சகரம் இல்லாத வரி வந்ததும் எல்லாம் தெளிந்துவிடும். அதனால்தான் ஒரு வருஷம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் ஓட்டிவிட்டேன்.

"தட்டு தேஞ்சு போச்சுடா. நான் கல்யாணமாகி வந்தப்ப வாங்குனது, இன்னும் எத்தனை நாளைக்குத்தான் பாடும்?" இது அம்மாவின் தீர்ப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போன மாதம் உறை பிரிக்காத புதுத் தட்டு ஒன்றை வாங்கிப் போடும் வரைக்கும். அதுவும் அதே இடத்தில், கடைசிப் பாட்டில், அதே மாதிரி சீறியது. புதுத் தட்டு எப்படித் தேயும்?

பிளேயர் டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 எம்.கே.2. மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கி, ஊர் திரும்பும்போது தூக்கிக்கொண்டு வந்தது. 1979-இல் வந்த மாடல். பெல்ட் கிடையாது, மோட்டார்மேல் நேராகத் தட்டு சுற்றும். சிங்கப்பூரிலும் 230 வோல்ட்தான் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் தொல்லை இல்லை, பிளக்கை மட்டும் மாற்றினோம். மாமாவுக்கு வயதாகி, போன வருஷம் திருச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பிளேயரின் கை நுனியில் முள்ளைத் தாங்கும் சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ். பழைய கார்ட்ரிட்ஜில் முள் ஒடிந்திருந்ததால் ஆடியோ-டெக்னிகா வி.எம்.95இ என்ற கார்ட்ரிட்ஜை வாங்கி, ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து மாட்டச் சொன்னேன். மாட்டித் தந்தவர் ஒரு அறிவுரையும் சொன்னார்: "வெயிட்டக் கம்மியாவே வெச்சிருக்கேன் சார். தட்டு தேயாது."

அந்த வாக்கியத்தில்தான் பாதிக் கோளாறு ஒளிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். முதலில் செய்தது மொபைலை ஸ்பீக்கர் முன் வைத்து, புதுத் தட்டின் கடைசிப் பாட்டில் முப்பது வினாடி ஒலிப்பதிவு எடுத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே முப்பது வினாடி, ஒலியளவைக் கூட்டாமல் குறைக்காமல். காதின் ஞாபகத்தை நம்ப முடியாது. மூன்று மணி நேரம் கஷ்டப்பட்ட பிறகு எதைக் கேட்டாலும் தேனாகத்தான் இருக்கும்.

அடுத்து லென்ஸ். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ். முள்ளைப் பார்த்தால் நுனியில் பஞ்சுப்பொதி மாதிரி தூசி. ஒரு சின்னப் பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் இழுத்துத் துடைத்தேன். பக்கவாட்டில் தேய்த்தால் முள்ளைப் பிடித்திருக்கும் கேன்டிலீவர், அந்த மெல்லிய அலுமினியக் குழல், வளைந்துவிடும். தூசி போனது, சீறல் போகவில்லை.

இனி முள் தட்டை அழுத்தும் எடையை அளக்க வேண்டியதுதான். வீட்டில் நகை எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தது. அதைச் சுழல்தட்டின்மேல் வைத்து, பிளேயரின் கையை மெல்ல இறக்கினேன். 2.4 என்றது. மறுபடி வைத்தால் 2.1. கொஞ்சம் ஓரமாக வைத்தால் 2.6. தராசு கெட்டுவிட்டது என்று திட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: தராசின் மேல்தகடு ஸ்டீல். கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது காந்தம். காந்தம் தகட்டை இழுக்கிறது, அந்த இழுப்பையும் சேர்த்துத்தான் தராசு காட்டுகிறது. போதாததற்குத் தராசு இரண்டு விரல்கடை உயரம். கை மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் நிலையில் எடுக்கும் அளவு, தட்டின் மட்டத்தில் இருக்கும் எடையாக இருக்கும் என்று நம்ப வழியில்லை.

இதற்கென்றே விற்கும் சின்னத் தராசு ஒன்றை வரவழைத்தேன். காந்தம் ஒட்டாத, தாழ்ந்த நாக்கு போல ஒரு பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் குழியில் முள்ளை வைக்க வேண்டும். ஆனால் முதல் தராசு கொடுத்த அனுபவத்தில் இதையும் சும்மா நம்ப மனம் வரவில்லை. பெரிய கடை வீதிப் பக்கம் எங்களுக்குப் பழக்கமான பத்தர் ஒருவர் உண்டு. அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"என்ன தம்பி இது, கொசுவை எடை போடுற தராசா?"

"பாட்டுப் பெட்டி முள்ளுக்குண்ணே. உங்க எடைக்கல்லு ரெண்டு கிராம் இருந்தா வெச்சுப் பாத்துக்குறேன்."

அவர் இடுக்கியால் எடைக்கல்லை எடுத்து வைத்தார். 2.01. ஒரு கிராம் வைத்தார். 1.00. போதும்.

"எத்தனை வேணும் உனக்கு?"

"ரெண்டு கிராம்ணே."

"கால் பவுனு," என்று சிரித்தார். "பொம்பளப் புள்ளைக்குச் சின்னத் தோடு செய்யற எடை. கூடக் கொறய ஒரு குண்டுமணி இருந்தா என்னாயிடப் போவுது?"

ஒரு குண்டுமணி ஏறத்தாழ 0.13 கிராம். அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு அன்று தெரியாது. வீட்டுக்கு வந்து கையை இறக்கியபோது தெரிந்தது. தராசு 1.21 என்றது. மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் 1.21, 1.20, 1.21. ஆனால் பின்னால் இருக்கும் எடைக்குண்டின் வளையமோ 1.75 என்று காட்டிக்கொண்டிருந்தது.

இந்த வளையம்தான் பலரையும் ஏமாற்றுவது. எடைக்குண்டு ஒன்று, அதன் முகப்பில் எண் எழுதிய வளையம் ஒன்று. குண்டைச் சுற்றினால் வளையமும் சேர்ந்து சுற்றும், வளையத்தை மட்டும் சுற்றினால் குண்டு அசையாது. முதலில் கை அந்தரத்தில் மட்டமாக நிற்கும் வரை குண்டைச் சுற்ற வேண்டும். நின்றதும் குண்டைத் தொடாமல் வளையத்தை மட்டும் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகுதான் குண்டைச் சுற்றி வேண்டிய எண்ணுக்குப் போக வேண்டும். நடுவில் உள்ள படியை விட்டுவிட்டால் வளையம் தன் இஷ்டத்துக்கு ஒரு எண்ணைச் சொல்லும். எங்கள் வீட்டுப் பிளேயரில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

வி.எம்.95இ-க்குத் தயாரிப்பாளர் சொல்லும் எடை 1.8-இலிருந்து 2.2 கிராம் வரை, நடுவில் 2.0. நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தது 1.2. அதாவது பத்தரின் கணக்கில் ஆறு குண்டுமணி குறைவு.

குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லதுதானே என்பது கேட்க நியாயமாக இருக்கும். நானே ஒரு வருஷம் அந்த நியாயத்தில்தான் இருந்தேன். தட்டின் தடம் நேர்கோடு இல்லை, ஒலி அலையின் வடிவத்தில் நெளிந்து நெளிந்து போகும் பள்ளம். சகரம் வரும் இடத்தில் அந்த நெளிவு மிக நெருக்கமாக, மிக வேகமாக இருக்கும். முள்ளை அழுத்திப் பிடிக்க எடை போதாவிட்டால் அது பள்ளத்தின் சுவரைவிட்டுத் துள்ளும். துள்ளி எழுந்தது எங்கே விழும்? எதிர்ச் சுவரில், வைர நுனியோடு. நாம் கேட்கும் சீறல் அந்த மோதல்தான். ஒவ்வொரு மோதலும் பிளாஸ்டிக் சுவரில் ஒரு வடுவை விட்டுப்போகும், பிறகு சரியான எடை வைத்தாலும் அந்த வடு பாடும். தட்டின்மேல் இரக்கப்பட்டு எடையைக் குறைத்தவர், உளியைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எடை சரியாக இருந்தால் முள் சுவரோடு ஒட்டிச் சறுக்கும், அவ்வளவுதான்.

அதற்காகக் கண்டபடி கூட்டவும் கூடாது. மூன்று கிராம் வைத்தால் கேன்டிலீவர் உள்ளே அமுங்கி, கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசும் நிலைக்கு வரும். அந்தக் காலத்துச் சூட்கேஸ் பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருந்தது, ஐந்து கிராமுக்குக் குறையாமல் அழுத்தி ஓட்டும். அம்மாவின் தட்டுகளில் பாதி அப்படி ஓடியவை. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

கையை வெளிப்பக்கம் இழுக்கும் ஆன்டி-ஸ்கேட்டிங் குமிழைச் சுழியத்தில் வைத்து, முள்ளின் மூடியைக் கழற்றி, கை தானாக மட்டமாக மிதக்கும் வரை குண்டைச் சுற்றினேன். முள் எதிலும் இடிக்காமல் இருக்க இந்த நேரத்தில் மூச்சைக்கூடப் பார்த்து விட வேண்டும். பிறகு வளையம், பிறகு குண்டு. வளையத்தில் 2 என்று வந்தபோது தராசில் 1.96. அரைக்கால் சுற்றுகூட இல்லாத ஒரு தொடுகை, 2.02. விட்டுவிட்டேன்.

ஒலிப்பதிவு எண் 2. அப்பளம் நொறுங்குவது போய்விட்டது. ஆனால் சீறல் முழுதாகப் போகவில்லை. 'ஷ்ஷின்ன' என்பது 'ஸ்சின்ன' என்ற அளவுக்கு வந்திருந்தது. பாதி வழி.

மீதிப் பாதி கார்ட்ரிட்ஜ் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருந்தது.

தட்டைச் செதுக்கிய இயந்திரத்தில், வெட்டும் முள் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டில் போகிறது. நம் பிளேயரின் கையோ ஒரு முளையில் மாட்டிய கதவு மாதிரி, வில்லாக வளைந்து போகும். நேர்கோட்டில் வெட்டியதை வில்லில் படிக்கும்போது கோணம் தவறும். கையை S போல வளைத்திருப்பதும், முள்ளைத் தட்டின் மையத்தைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டியிருப்பதும் இந்தத் தவற்றைக் குறைக்கத்தான். நீட்டியிருக்கும் அந்தத் தூரத்துக்கு ஓவர்ஹேங் என்று பெயர். இந்த டெக்னிக்ஸில் கையின் முளையிலிருந்து தட்டின் மையம் 215 மி.மீ., முளையிலிருந்து முள் 230 மி.மீ., ஓவர்ஹேங் 15. எவ்வளவு சரிசெய்தாலும் தட்டில் இரண்டே இடங்களில்தான் கோணம் பிசகில்லாமல் இருக்கும். மற்ற இடங்களில் கொஞ்சம் முன்னே பின்னே. அந்த இரண்டு இடங்களை எங்கே வைப்பது என்பதில்தான் எண்பது வருஷத்துச் சண்டை எல்லாம்.

கடைசிப் பாட்டு ஏன் பலிகடா ஆகிறது? தட்டு ஒரே வேகத்தில், நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுகிறது. ஆனால் விளிம்பில் முள்ளுக்குக் கீழே ஒரு வினாடிக்கு 51 செ.மீ. தடம் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் வெறும் 21 செ.மீ. அதே சகரத்தை, பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு நெளிவு விளிம்பில் 0.05 மி.மீ., உள்ளே 0.02 மி.மீ. முதல் பாட்டில் தெரியாத கோணப் பிசகு கடைசிப் பாட்டில் நாறிவிடும்.

டெக்னிக்ஸோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் அளவுகோல் வரும். கார்ட்ரிட்ஜைத் திருகி மாட்டியிருக்கும் ஹெட்ஷெல்லைக் கழற்றி அளவுகோலில் செருகினால் முள் எங்கே நிற்க வேண்டும் என்று கோடு காட்டும். மாமா வீட்டில் அது எப்போதோ தொலைந்துவிட்டது. ஆனால் அது அளப்பது ஒரே ஒரு தூரம்தான்: ஹெட்ஷெல்லின் கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையத்திலிருந்து முள் நுனி வரை 52 மி.மீ. ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். 49. கார்ட்ரிட்ஜைப் பின்னால் முடிந்த மட்டும் தள்ளி முடுக்கியிருந்தார்கள். மூன்று மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கடைசிப் பாட்டில் கோணம் ஏறத்தாழ 3 டிகிரி தவறுகிறது.

52-க்கு நகர்த்திவிட்டு அன்றைக்கே கடையைக் கட்டியிருக்கலாம். நான் கட்டவில்லை. தொழிற்சாலை அமைப்பைவிட 'பேர்வால்ட்' அமைப்புதான் சிறந்தது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஸ்வீடனின் லோஃப்கிரென் 1938-இலும், அவருக்குப் பிறகு பேர்வால்ட் 1941-இலும் போட்ட கணக்கு அது. பிழை மொத்தத் தட்டிலும் சமமாகப் பரவட்டும் என்று, கோணம் சரியாக விழும் அந்த இரண்டு இடங்களை மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தூரங்களில் வைக்கிறது. அதற்கான, கோணம் பார்க்கும் காகித ப்ரொட்ராக்டரை வரைந்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

அச்சிட்டு வந்ததைச் சுழல்தட்டில் மாட்டினேன். நடு ஓட்டையைக் கத்தரியால் வெட்டினால் தொளதொளவென்று ஆகும். பிளேடால் நட்சத்திரம் போலக் கீறிவிட்டு சுழல்தட்டின் நடு முளையில் அழுத்தினால் காகித இதழ்கள் எல்லாப் பக்கமும் சமமாகக் கவ்விக்கொள்ளும். இந்த ஒரு யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சல் மறுநாள் வரைக்கும்தான் நீடித்தது.

திருகைத் தளர்த்தும் முன் முள் பகுதியைக் கழற்றி வைத்துவிட்டேன். இந்தக் கார்ட்ரிட்ஜில் அது தனியாக உருவி எடுக்கும்படி இருக்கும். எடுத்துவிடுவது நல்லது, ஏனென்றால் ஸ்டீல் திருப்புளியைக் காந்தம் வெடுக்கென்று இழுக்கும், கை நழுவினால் முள்ளின் ஆயுள் அதோடு சரி. திருகுகள் கார்ட்ரிட்ஜ் ஒரு சிட்டிகை தடையோடு நகரும் அளவுக்கு இருக்க வேண்டும். பின்னால் நான்கு மெல்லிய வயர்கள், சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலம். அவற்றை இடுக்கியால் தொடும்போது வயரைப் பிடிக்கக் கூடாது, நுனியில் இருக்கும் உலோகக் குப்பியைத்தான் பிடிக்க வேண்டும். நான் நீலத்தை வயரில் பிடித்து இழுத்தேன். குப்பி ஒரு பக்கம், வயர் ஒரு பக்கம். இடது ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம். பற்றவைக்கும்போது குப்பி கார்ட்ரிட்ஜ் காலில் மாட்டியிருக்கக் கூடாது, சூடு உள்ளே போய்ச் சுருளைக் கெடுத்துவிடும். தனியாக எடுத்துப் பற்றவைத்து, ஆறவிட்டு, மாட்டினேன். இதற்கு ஒரு மாலை போனது.

மறுநாள் ப்ரொட்ராக்டரோடு உட்கார்ந்தேன். முள் நுனி புள்ளியில் விழ வேண்டும், கேன்டிலீவர் கோடுகளுக்கு இணையாக நிற்க வேண்டும், இரண்டு புள்ளிகளிலும். கார்ட்ரிட்ஜின் உடம்பைப் பார்த்து நேர்ப்படுத்துவது எளிது, ஆனால் உடம்புக்குள் கேன்டிலீவர் கொஞ்சம் சாய்ந்திருக்க வாய்ப்புண்டு, படிப்பது அதுதானே. ஒரு கண்ணை மூடி, லென்ஸ் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து... ஒரு புள்ளி சரியானால் மற்றது தவறும், அதைச் சரிசெய்தால் இது தவறும். இரண்டு மணி நேரம். கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியில் இரண்டும் பொருந்தின.

சந்தோஷத்தில் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் காகிதத்தில் நானே வரைந்திருந்த 100 மி.மீ. சரிபார்ப்புக் கோட்டின்மேல் வைத்தேன். 97.

அச்சிடும்போது பக்கத்துக்குள் அடங்குவதற்காகக் கணினி சுருக்கியிருக்கிறது. 66 என்று நான் நம்பிய புள்ளி 64-இல் இருந்தது. அந்தக் கோட்டை வரைந்ததே முதலில் அளப்பதற்குத்தான், நான் கடைசியில் அளந்தேன். மறுபடி ஜெராக்ஸ் கடை. "அண்ணே, நூறு பர்சென்ட்ல எடுங்க, பக்கத்துக்கு அடக்க வேணாம்" என்று சொல்லி, கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்து வாங்கி வந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

இரண்டாம் முறை அரை மணி நேரத்தில் முடிந்தது. பேர்வால்ட் கேட்கும் இடம் 52-ஐவிட ஏறத்தாழ 3 மி.மீ. முன்னே, கார்ட்ரிட்ஜை 2 டிகிரி உள்பக்கம் திருப்பி. ஹெட்ஷெல்லில் இருக்கும் நீளத் துளையின் முன்விளிம்பைக் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டு நின்றது, பார்க்கக் கொஞ்சம் கோணலாக.

கார்ட்ரிட்ஜ் நகர்ந்தால் எடையும் மாறும். முன்னே போனதால் தராசில் 2.02 இருந்தது கூடியிருந்தது, திரும்ப 2.02-க்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் இதைச் செய்தாக வேண்டும்.

கையின் உயரத்தையும் இந்தச் சமயத்தில் பார்த்தேன். டெக்னிக்ஸில் கையின் அடியில் ஒரு வளையம் உண்டு, சுற்றினால் 6 மி.மீ. வரை ஏறும். கோடு போட்ட நோட்டுத் தாளை மடித்துத் தட்டின்மேல் நிறுத்தி, முள்ளைத் தட்டில் இறக்கிவிட்டுப் பார்த்தால் கைக்குழாய் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பின்புறம் ஒரு நூல் தாழ்ந்திருந்தது, ஏற்றினேன். முள்ளுக்கு அடியில் கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்ததில் கார்ட்ரிட்ஜும் அதன் பிம்பமும் ஒரே நேராக நின்றன. இவ்விரண்டிலும் பெரிதாக எதுவும் கேட்டதாக நான் சொல்ல மாட்டேன். சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் காது அவர்களுக்கு.

ஆன்டி-ஸ்கேட்டிங் அப்படியல்ல, அது கேட்கும். கை வளைந்திருப்பதாலும் முள் உராய்வதாலும் கைக்கு எப்போதும் மையத்தை நோக்கி ஓர் இழுப்பு உண்டு. அதற்கு எதிராக வெளியே இழுப்பதுதான் இந்தக் குமிழ். போதாவிட்டால் முள் உட்சுவரில் சாய்ந்துகொள்ளும். உட்சுவர் இடது சேனல், வெளிச்சுவர் வலது. ஆகவே வெளிச்சுவரில் பிடி தளர்ந்து வலது ஸ்பீக்கர் முதலில் சீறும். கூடிப்போனால் இடது. எடை என்னவோ அதே எண்ணில் தொடங்கினேன், 2. நாதஸ்வரத் தட்டு ஒன்று போட்டு, மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் ஹெட்ஃபோனில் கேட்டேன். இடது பக்கம் லேசாகக் கரகரத்தது. 1.5-க்குக் குறைத்ததும் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது. கார்ட்ரிட்ஜைச் சோதிக்க நாதஸ்வரத்தைவிடக் கடுமையான வாத்தியம் என் அலமாரியில் இல்லை. வயலின் எல்லாத் தப்பையும் மன்னித்துவிடும்.

ஒலிப்பதிவு எண் 5. புதுத் தட்டின் கடைசிப் பாட்டு. சகரம் சகரமாக வந்தது. முதல் பதிவோடு மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன், பாடுகிறவருக்குப் பல் முளைத்திருந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அம்மா தன் ஈ.பி. தட்டுகளை எடுத்து வந்தார். ஏழு அங்குலம், 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு, லேபிளில் எச்.எம்.வி. நாய். ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டை அடைக்க வேண்டியிருப்பதால் தடம் லேபிளை முட்டும் வரை போகும். போட்டதும் இரண்டாவது பாட்டின் கடைசிச் சரணத்தில் மறுபடி லேசான சீறல். "நான்தான் சொன்னேனே, தேஞ்சுபோச்சு," என்றார் அம்மா.

தேய்மானமா, கோணமா? கணக்குப் போட்டேன். அந்தத் தட்டின் கடைசித் தடம் மையத்திலிருந்து 55 மி.மீ. நான் இரண்டு நாள் உயிரைக் கொடுத்து அமைத்த பேர்வால்டில் அந்த இடத்துப் பிசகு 1.8 டிகிரி. தொழிற்சாலையின் 52 மி.மீ. அமைப்பிலோ வெறும் 0.5. பெரிய தட்டின் கடைசிப் பாட்டில், 60 மி.மீ.யில், பேர்வால்ட் 0.8 டிகிரி தவறுகிறது, தொழிற்சாலை அமைப்பு 0.15-ஐத் தொடவில்லை. நடுவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். விளிம்பில் மட்டும் தொழிற்சாலை அமைப்பு தோற்கிறது, அதற்கு 2.6, பேர்வால்டுக்கு ஏறத்தாழ 1.9. ஆனால் விளிம்பில்தான் தடம் தாராளமாக ஓடுகிறதே, அங்கே அந்தப் பிசகைக் காது பொறுத்துக்கொள்ளும். சரியான கோணம் விழும் இடங்களில் ஒன்றை 59 மி.மீ. பக்கம், அதாவது கடைசிப் பாட்டின் மடியிலேயே, டெக்னிக்ஸ்காரர்கள் வைத்திருக்கிறார்கள். 1966-இல் ஸ்டீவன்சன் என்பவர் சொன்ன யோசனையும் கிட்டத்தட்ட இதுதான்: உள்தடத்தைக் காப்பாற்று, மற்றது பார்த்துக்கொள்ளும்.

பேர்வால்ட் தவறு என்று சொல்ல வரவில்லை. நடு லேபிளுக்கு நிறைய இடம் விட்டு வெட்டிய தட்டுகள் மட்டும் வைத்திருப்பவருக்கு அது அருமையான கணக்கு. எங்கள் அலமாரியில் முக்கால்வாசி பக்கத்துக்கு ஐந்தாறு சினிமாப் பாட்டு அடைத்த எல்.பி.க்களும் ஈ.பி.க்களும். கடைசிப் பாட்டுதான் பெரும்பாலும் அம்மாவுக்குப் பிடித்த பாட்டாக வேறு இருக்கிறது.

கார்ட்ரிட்ஜை மறுபடி பின்னே தள்ளினேன். ரப்பர் வளையத்திலிருந்து 52 மி.மீ., ஹெட்ஷெல்லின் விளிம்புக்கு நேராக, திருப்பல் ஏதும் இல்லாமல். பத்து நிமிட வேலை. எடை திரும்ப 2.02. ஈ.பி.யின் கடைசிச் சரணம் தெளிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தட்டைத் திருப்பிப் போட்டார்.

எல்லாம் தெளிந்துவிடவில்லை. ஒரே ஒரு ஈ.பி. எதற்கும் மசியவில்லை. எடையை 2.2 வரை ஏற்றிப் பார்த்தேன், ஆன்டி-ஸ்கேட்டிங்கை இரு பக்கமும் ஆட்டிப் பார்த்தேன், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவில், முதல் பாட்டிலிருந்தே சீறுகிறது. லென்ஸில் பார்த்தால் மற்றவை கறுத்துப் பளபளக்க, இதன் தடம் சாம்பல் பூத்திருந்தது. அம்மாவிடம் கேட்டேன். கல்யாணமான புதிதில், அப்பாவின் சூட்கேஸ் பிளேயரில், முள் மொட்டையான பிறகும் மாதக்கணக்கில் இதையே போட்டுக் கேட்டார்களாம்.

"அப்ப முள்ளு வாங்க மெட்ராஸுக்குல்ல போகணும்," என்றார்.

அதன் உறைமேல் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, அலமாரியின் ஓரத்தில் செருகினேன். நேற்று மாலை வேலையிலிருந்து வந்தபோது அதுதான் ஓடிக்கொண்டிருந்தது, சீறிக்கொண்டு. பிளேயரின் மூடிக்கு உள்பக்கம் நான் ஒட்டிய சீட்டில் '52 மி.மீ., 2.02 கிராம், ஆன்டி 1.5' என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே அம்மாவின் கையெழுத்தில்: 'கை வைக்காதே.'